நம்பிக்கை இல்லையா சார்?

போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டார். மகனுக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். ஐந்து காரட்டுக்குக் குறையாமல் நீலக்கல் மோதிரம் போடச் சொல்லி ஜோசியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "நீங்கதான் கல்லைப் பத்தி விவரமா பேசுவீங்களே சார், கூட வாங்க" என்றார். போனேன்.

கடைக்காரர் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, கறுப்பு வெல்வெட் தட்டில் கல்லை உருட்டினார். மேலே பளீரென்று வெள்ளை விளக்கு. "ஒரிஜினல் சிலோன் நீலம்மா. அன்ஹீட்டட். சூடே படாதது. இப்பல்லாம் கிடைக்கிறதே இல்லை" என்றார்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சூடு படாததுன்னு பில்லுல எழுதித் தருவீங்களா?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றது. "நம்பிக்கை இல்லையா சார்? மூணு தலைமுறையா கடை நடத்துறோம்."

பக்கத்து வீட்டு அம்மா சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஏன் இந்த மனுஷனைக் கூட்டி வந்தோம் என்பதுதான். பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு கடையில், இப்படி ஒரு பார்வைக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு ஒரு குடும்பம் விலை கொடுத்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எனக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமா உறையூரில் கல் பட்டை தீட்டியவர். திருச்சிக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சாணை ஓடிய ஊர் இது. மாமா திண்ணையில் உட்கார்ந்து ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றுவார். மறு கையில் அரக்கு வைத்த குச்சி. அதன் நுனியில் ஒட்டியிருக்கும் கல்லைச் சுழலும் தகட்டில் அழுத்தி, எடுத்து, பார்த்து, மறுபடி அழுத்துவார். அவர் தீட்டியது பெரும்பாலும் செயற்கைக் கல். வெர்னூய் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினியம் ஆக்சைடு பொடியைத் தீச்சுவாலையில் உருக்கிச் சிவப்புக் கல் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். சில வருடங்களில் நீலமும் வந்தது. நிலத்தில் விளைந்த நீலக்கல்லும் அதே அலுமினியம் ஆக்சைடுதான். இரும்பும் டைட்டானியமும் துளித்துளி கலந்து நீலம் கொடுக்கிறது. அதனால்தான் கீறிப் பார்ப்பது, ஊதிப் பார்ப்பது எல்லாம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தீயில் வளர்ந்த கல்லில் நிறக்கோடுகள் வளைந்து போகும், மண்ணில் விளைந்ததில் நேராய்ப் போய் முனையில் மடங்கும். மாமா இதை எனக்குப் பத்து வயதில் காட்டினார்.

பிறகு நான் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் சேர்ந்தேன். முப்பத்து மூன்று வருடம் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரே படம் எடுத்து, அதில் குறை தேடுவதே என் வேலை. மயிரிழை விரிசலைப் பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெல்டர்கள் என்னைத் திட்டாத நாள் கிடையாது.

இப்படிப்பட்ட ஆள்தான் 2011-ல் ஒரு நகைக்கடையில் ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த நண்பர். இரண்டு பேரும் ஒரே வருடம் ஓய்வு பெற்றோம். கிராஜுவிட்டிப் பணம் கைக்கு வந்த புதிது. பேத்திக்கு ஏதாவது வாங்கி வைக்க வேண்டும் என்று ஆசை. ஊரில் பெயர் சொன்னால் தெரியும் கடை, பெயர் வேண்டாம். "சூடு படாத சிலோன் நீலம் சார். தங்கம் மாதிரி, வருஷா வருஷம் விலை ஏறிக்கிட்டேதான் இருக்கும்" என்றார்கள். 4.60 காரட். காரட் 35,000 ரூபாய். மொத்தம் 1,61,000 ரூபாய்.

கல்லை என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கல்லின் நடுவில் என் கைரேகை தெரிந்தது. ஓரத்தில் நீலம், நடுவில் ஜன்னல் திறந்த மாதிரி வெளிர். பக்கவாட்டில் திருப்பினால் அடிப்பக்கம் பானை வயிறு மாதிரி உப்பியிருந்தது. வெட்டு சரியில்லை, எடைக்காக வயிற்றை விட்டு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சூடு படாதது என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை என்பதும் தெரிந்தது. அதற்குள் டம்ளரில் காபி வந்தது. முதலாளியே வந்து "சார் பெல்லா? நம்ம கஸ்டமர் நிறைய பேர் பெல்தான்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நண்பர் என் முகத்தைப் பார்த்தார். நான் "நல்லா இருக்கு" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையை நான் இன்று வரை மறக்கவில்லை.

2019-ல் நண்பரின் மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி கேட்ட முன்பணத்துக்கு அவர் முதலில் எடுத்தது அந்த மோதிரத்தைத்தான். பேத்தி இன்னும் சின்னவள், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். வாங்கிய கடைக்கே போனோம். "கல்லை நாங்க திருப்பி எடுக்குறது இல்லை சார், வேணும்னா வேற நகைக்கு மாத்திக்கலாம்" என்றார்கள். அதுவும் கல்லுக்குப் பாதி விலை கூடக் கிடையாது. இன்னொரு கடையில் கேட்டதற்கு 30,000 ரூபாய் என்றார்கள். கோபத்தில் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அறிக்கை வந்தது. இயற்கை நீலக்கல், சூடாக்கிய அறிகுறிகள் உள்ளன.

பழைய பில்லையும், அதோடு கொடுத்திருந்த பிளாஸ்டிக் கார்டையும் எடுத்துப் பார்த்தோம். பில்லில் "நீலக்கல் 4.60 காரட்" என்று இருந்தது. உண்மைதான். கார்டில் "நேச்சுரல் ப்ளூ சஃபையர்" என்று இருந்தது. அதுவும் உண்மைதான். சூடு என்ற பேச்சே இரண்டிலும் இல்லை. காகிதத்தில் ஒரு பொய்யும் கிடையாது. பொய் முழுக்க வாயில் இருந்தது. வாயில் சொன்னதை எந்தக் கோர்ட்டுக்கு எடுத்துப் போவது? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு. எட்டு வருடம் ஓடிவிட்டது.

வீட்டு நகைகளை அடகு வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. அந்த அம்மா நன்றாக இருக்கிறார். நகையை மீட்க இரண்டு வருடம் ஆனது.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். நீலக்கல் வாங்கும் நம்மில் பெரும்பாலோர் கல்லை வாங்குவதில்லை. சொல்லை வாங்குகிறோம். ஒரிஜினல், சிலோன், நேச்சுரல், அன்ஹீட்டட் என்ற நான்கு சொற்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, கல்லை இலவச இணைப்பு மாதிரி வீட்டுக்கு எடுத்து வருகிறோம்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். "ஒரிஜினல்" என்பதற்கு இந்த வியாபாரத்தில் அர்த்தமே கிடையாது. கண்ணாடியும் ஒரிஜினல் கண்ணாடிதான். "நேச்சுரல்" என்றால் மண்ணில் விளைந்தது, அவ்வளவுதான். மண்ணில் விளைந்து, பிறகு உலையில் வெந்த கல்லும் ஆய்வகக் கணக்கில் நேச்சுரல்தான். நம் ஆட்கள் ஏமாறுகிற இடம் இதுதான். நேச்சுரல் என்று படித்தவுடன் யாரும் கைவைக்காதது என்று எடுத்துக்கொள்கிறோம். அறிக்கையில் சூடு பற்றியும் மற்ற வேலைகள் பற்றியும் தனி வரி ஒன்று இருக்கும். படிக்க வேண்டியது அந்த வரியைத்தான். "சூடாக்கிய அறிகுறி எதுவும் காணப்படவில்லை" என்ற அர்த்தத்தில் அங்கே எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லாத கார்டு, எத்தனை பளபளப்பாக இருந்தாலும், இந்த விஷயத்தில் வெறும் பிளாஸ்டிக்.

"சிலோன்" என்பது ஊர்ப் பெயர். இரத்தினபுரிப் பக்கம் குழி வெட்டி, சரளை மண்ணை அலசிக் கல் எடுக்கிறார்கள். அருமையான கல் கிடைக்கிற மண் என்பதில் சந்தேகமில்லை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் லோகன் நீலக்கல், சுமார் 423 காரட், இலங்கையில் எடுத்ததுதான், சூடு படாததும்கூட. அதே மண்ணில்தான் பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும் "கெவுடா" கல்லும் கிடைக்கிறது. ஒரு காலத்தில் அதை மதிப்பில்லை என்று ஒதுக்கினார்கள். 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை வாங்கிப் போய் உலையில் 1,500 டிகிரிக்கு மேல் சூடேற்றினார்கள். உள்ளே ஊசி ஊசியாய் இருந்த டைட்டானியம் கரைந்து கல்லுக்குள் பரவ, மங்கல் போய் நீலம் வந்தது. குப்பைக் கல் நீலக்கல் ஆனது. ஆக, சிலோன் என்று சொன்னால் மட்டும் எதுவும் தெரியாது. சூடு படாததும் சிலோன், சூடு பட்டதும் சிலோன்.

சூடாக்குவது பாவமா என்று கேட்பீர்கள். இல்லை. இலங்கையிலேயே ஊதுகுழலும் கரியும் வைத்துக் கல்லைச் சூடாக்கும் பழக்கம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. உலையில் வந்த நிறம் வெளுக்காது, சாயம் போகாது. இன்று சந்தையில் இருக்கும் நீலக்கற்களில் பெரும்பாலானவை சூடு பட்டவைதான். நானே சூட்டோடு பிழைத்தவன். எங்கள் பட்டறையில் வெல்டிங் முடிந்த குழாயைச் சூடேற்றி, மெல்ல மெல்ல ஆற்றித்தான் வெளியே விடுவோம். சூடு ஏற்றியதால் குழாய் போலி ஆகிவிடாது. ஆனால் எந்தக் குழாய்க்கு எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்று சார்ட்டில் கோடு விழுந்திருக்கும். அந்தச் சார்ட் இல்லாமல் ஒரு குழாய் எங்கள் கேட்டைத் தாண்டாது. இரும்புக் குழாய்க்கு நாங்கள் கொடுத்த மரியாதையை, கிராஜுவிட்டிப் பணத்தில் வாங்கும் கல்லுக்குக் கொடுக்கக் கூடாதா?

சூடு பட்டதைச் சூடு பட்டது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம். சூடு பட்டதைச் சூடு படாத விலைக்கு விற்பது திருட்டு. இதில் நடுவழி ஒன்றும் கிடையாது.

சூட்டைத் தாண்டியும் வேலைகள் நடக்கின்றன. டைட்டானியத்தோடு சேர்த்துச் சுட்டு, மேல்தோலில் மட்டும் நீலம் ஏற்றுவார்கள். மறுபடி பட்டை தீட்டினால் நிறம் போய்விடும். 2001, 2002 வாக்கில் பெரிலியம் என்ற தனிமத்தை உலையில் கல்லுக்குள் ஊடுருவ விட்டு நிறம் மாற்றுவது தெரிய வந்தது. அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவிகள் வேண்டும். விரிசலில் நிறக்கண்ணாடியை உருக்கி நிரப்புவதும் உண்டு. "சூடு மட்டும்தான் சார், அது சகஜம்" என்ற பேச்சுக்குள் இதையெல்லாம் மறைத்து விற்க முடியும். அதனால்தான் எழுதிக் கேட்கச் சொல்கிறேன்.

இனி நம் பக்கத்துத் தப்பு. கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் இந்தக் கட்டுரை அரைகுறை. சூடு படாதது என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம். சூடு படாதது என்பது கல்லுக்கு நடந்தது பற்றிய ஒரு செய்தி. கல் அழகானது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. யாரும் தொடாத அழுக்குக் கல்லும் உலகத்தில் உண்டு. என் நண்பரின் கல் உண்மையிலேயே சூடு படாததாக இருந்திருந்தாலும், அந்த வெட்டுக்கு அந்த விலை கிடைத்திருக்காது. அதை நான் அன்றைக்கே பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை.

அப்போது எதைப் பார்ப்பது? மாமா சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் நிறம், அடுத்து வெட்டு, பிறகு உள்ளே இருக்கும் குறை. கடைசியாகத்தான் காகிதம்.

நிறம் பார்க்கக் கடை விளக்கு ஆகாது. அந்த விளக்கு கல்லை விற்க வைத்த விளக்கு. காலை ஒன்பது, பத்து மணிக்குப் போங்கள். கல்லைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பு வெல்வெட்டில் எல்லாக் கல்லும் ராஜாதான். நல்ல நீலத்தில் லேசாக ஊதா எட்டிப் பார்க்கலாம். பச்சையோ சாம்பலோ எட்டிப் பார்த்தால் விலை இறங்க வேண்டும். பிறகு வீட்டில் எரிகிற மஞ்சள் விளக்கிலும் பாருங்கள். பகலில் நீலமாய் இருந்து ராத்திரியில் கரியாகிற கல் இருக்கிறது. இருட்டாக இருந்தால்தான் ஒசத்தி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தப்பு. ஆஸ்திரேலியா, தாய்லாந்துப் பக்கம் எரிமலைப் பாறை மண்ணில் கிடைக்கும் கற்களில் நிறைய மைக்கறுப்பு. அவ்வளவு கறுத்த கல்லில் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வராது. வெளிறியதும் வேண்டாம், கறுத்ததும் வேண்டாம். கண்ணை மூடித் திறந்தாலும் நீலம் என்று மனதில் நிற்கிற கல் வேண்டும்.

அடுத்து கல்லைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். இலங்கைக் கற்கள் பலவற்றில் நிறம் முழுதும் சமமாக இருக்காது, ஒரு மூலையில் தேங்கி நிற்கும். கைதேர்ந்த தீட்டுக்காரர் அந்த நீலப் புள்ளி கல்லின் அடிமுனையில் வரும்படி வைத்துத் தீட்டுவார். மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க நீலம். பக்கத்திலிருந்து பார்த்தால் பாதி தண்ணீர் நிறம். இது மோசடி இல்லை, கைத்திறன். ஆனால் முழு நீலக் கல்லின் விலையை இதற்குக் கொடுக்கக் கூடாது. மோதிரத்தில் பதித்துவிட்டால் பக்கவாட்டுப் பார்வை போய்விடும். அதனால் பெரிய தொகைக்குக் கல் வாங்கினால் பதிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

வெட்டுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கல்லைச் செய்தித்தாளின் மேல் வைத்து நேர் மேலிருந்து பாருங்கள். நடுவில் எழுத்து படிக்க முடிந்தால் கல்லில் ஜன்னல் இருக்கிறது. காரணம் கணக்குதான். நீலக்கல்லுக்குள் போன வெளிச்சம் அடிப்பட்டைகளில் மோதித் திரும்ப வேண்டும். பட்டையின் சரிவு சுமார் 35 டிகிரிக்குக் கீழே போனால் வெளிச்சம் திரும்பாமல் கீழ்ப்பக்கம் ஒழுகிவிடும். ஒழுகுகிற இடம்தான் ஜன்னல். ஒழுகுகிற பானையை நாம் வாங்குவோமா? ஒழுகுகிற கல்லைக் காரட் கணக்கில் வாங்குகிறோம்.

ஏன் இப்படி வெட்டுகிறார்கள்? எடை. ஐந்து காரட் என்பது ஒரு கிராம். ஒரு காரட் தேய்ந்து போனால் ஆயிரக்கணக்கில் போகும். அதனால் பக்கங்களை உப்ப விட்டு, அடியைத் தட்டையாக்கி எடையைக் காப்பாற்றுகிறார்கள். அந்த வயிறு மோதிரத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கல்லுக்கு நாம் பணம் கட்டுகிறோம். என் நண்பரின் கல்லை ஒரு தீட்டுக்காரரிடம் காட்டினேன். சரியான கோணத்தில் திருத்தினால் மூன்றரை காரட் மிஞ்சலாம் என்றார். அதாவது ஒரு காரட்டுக்கு மேல், 35,000 ரூபாய்க்கு மேல், வெறும் தொப்பைக்குக் கொடுத்திருக்கிறார். "ஐந்து காரட்டுக்குக் குறையாமல்" என்று எடையை மட்டும் எழுதிக் கொடுக்கிற ஜோசியர்களும் இந்தத் தொப்பைக்கு ஒரு காரணம். நான் ஜோசியத்தைப் பற்றி வாதாட வரவில்லை, என் வீட்டிலும் நம்பிக்கை உண்டு. ஆனால் எடை கேட்டால் வியாபாரி எடை கொடுப்பார், வேறென்ன செய்வார்?

உள்ளே இருக்கும் குறையைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். எல்லாக் குறையும் குறை இல்லை. மேற்பரப்பு வரை வந்து நிற்கும் விரிசல் கெட்டது, ஒரு நாள் கல் உடையும். ஆனால் பட்டிழை மாதிரி மெல்லிய ஊசிகள் முக்கோணமாய்க் குறுக்கிட்டுக் கிடந்தால் பயப்படாதீர்கள். அதிக சூட்டில் அந்த இழைகள் கரைந்து புள்ளி புள்ளியாய் உடைந்துவிடும். இழை முழுசாய் இருப்பது பெரிய சூடு படவில்லை என்பதற்கு ஒரு நல்ல சகுனம். காஷ்மீரில் பாடர் பகுதியில் 1880-களில் எடுத்த நீலங்கள் இன்றும் உலகத்தில் உச்ச விலைக்குப் போகின்றன. அவற்றின் வெல்வெட் மாதிரியான மினுமினுப்புக்கு உள்ளே இருக்கும் மிகச் சிறிய துகள்கள்தான் காரணம். "கண்ணாடி மாதிரி கிளியரா இருக்கு பாருங்க" என்று ஒருவர் நீலக்கல்லைக் காட்டினால் சந்தோஷப்படுவதற்கு முன் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கண்ணாடியும் அப்படித்தான் இருக்கும். உலையில் வளர்த்த கல்லும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று. லென்ஸ் வைத்துக்கொண்டு நானோ நீங்களோ "இது சூடு படாதது" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. குறைந்த சூட்டில் வாட்டிய கல் ஆய்வகத்தையே திணற அடிக்கும். நிறமும் வெட்டும் நம் கண்ணுக்கு, சூடு ஆய்வகத்துக்கு. இந்தப் பாகப்பிரிவினையை மறக்காதீர்கள். பாலில் போட்டால் பால் நீலமாகும், தலையணைக்கு அடியில் வைத்தால் கனவு சொல்லும் என்பதெல்லாம் கல்லைச் சோதிக்காது. நீல வளையல் துண்டு ஒன்றைப் பாலில் போட்டுப் பாருங்கள், அதுவும் நீலம் காட்டும்.

இதையெல்லாம் சொன்னால் இரண்டு பக்கமும் பதில் வரும். கடைக்காரர்கள் சொல்வார்கள்: "சின்னக் கடைக்கு ஆய்வகச் செலவு கட்டுப்படியாகாது, நாங்களே நம்பித்தான் வாங்குறோம்." சரி. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க் கல்லுக்கு யாரும் ஆய்வகம் கேட்கவில்லை. லட்ச ரூபாய்க் கல்லில் அந்தச் செலவை வாங்குபவரே ஏற்றுக்கொள்ளலாம், நான் ஏற்றுக்கொள்ளச் சொல்வேன். மற்றபடி, நீங்களே நம்பித்தான் வாங்கினீர்கள் என்றால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி அதற்கு விலை வைப்பதைத்தான் தப்பு என்கிறேன்.

நம்மவர்கள் சொல்வார்கள்: "தெரிஞ்ச கடை சார், எப்படிக் கேக்குறது?" இந்தச் சங்கடம்தான் இந்த வியாபாரத்தின் மூலதனம். அதே கடையில் தங்கம் வாங்கும்போது ஹால்மார்க் முத்திரையைப் பார்க்கிறோம். 2021-லிருந்து படிப்படியாக அது கட்டாயமாகிவிட்டது, முதலாளி கோபப்படுவதில்லை. ஆனால் அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான், அதில் பதித்த கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. கத்திரிக்காயை அமுக்கிப் பார்த்து, தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், நீலக்கல் முன்னால் மட்டும் ஏன் இவ்வளவு பண்பாடாகிவிடுகிறோம்? கேட்க வெட்கப்படுவதை நாம் மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். சொல்லைக் கேட்டுவிட்டுக் கல்லைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியன் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாம். சிலம்பை உடைத்துப் பார்க்கும்போது காலம் கடந்துவிட்டது.

எனவே பெரிய தொகைக்குக் கல் வாங்கினால் பில்லில் இவற்றை எழுதி வாங்குங்கள். மண்ணில் விளைந்ததா, வளர்த்ததா. சூடு பட்டதா, படாததா, வேறு வேலை ஏதாவது நடந்ததா. எடை எவ்வளவு. ஆய்வக அறிக்கை வேறு மாதிரி வந்தால் இத்தனை நாளுக்குள் முழுப் பணம் திரும்ப. இதை எழுதிய பிறகு அவர்கள் சொல்லும் ஆய்வகத்தைவிட நீங்கள் தேர்ந்தெடுத்த ஆய்வகத்துக்கு உடனே அனுப்புங்கள், எட்டு வருடம் கழித்து அனுப்பாதீர்கள். திரும்ப விற்கும்போது என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று வாங்குகிற அன்றே கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலில், "தங்கம் மாதிரி" என்ற பேச்சு எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிடும்.

போன மாதத்துக் கடைக்குத் திரும்புகிறேன். "நம்பிக்கை இல்லையா சார்?" என்றவரிடம், "நம்பிக்கை இருக்குங்க. அதனாலதான் எழுதிக் கேக்குறேன். இல்லைன்னா எழுந்து போயிருப்பேனே" என்றேன். அவர் உள்ளே போய்ப் பெரியவரைக் கூட்டி வந்தார். பெரியவர் கல்லை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது சூடு பட்டதுதான் சார். பையனுக்குத் தெரியலை" என்றார். விலை காரட்டுக்கு ஒரே நிமிடத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது. வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தோம். நிறம் நன்றாகவே இருந்தது. செய்தித்தாளில் வைத்தேன், எழுத்து தெரியவில்லை. "சூடு பட்டது" என்று பில்லில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்த அம்மா வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் சந்தோஷம். யாருக்கும் ஒரு மரியாதையும் குறையவில்லை.

ஒரு கேள்விதான். கேட்க எனக்கு எட்டு வினாடிகூட ஆகவில்லை.

என் நண்பர் அந்த மோதிரத்தை இன்னும் விரலில் போட்டிருக்கிறார். "யாரும் வாங்கலை, நானே வெச்சுக்கிட்டேன்" என்று சிரிப்பார். சாயங்காலம் நாங்கள் நடக்கப் போகும்போது சில சமயம் வெளிச்சம் பட்டு அந்தக் கல் அழகாகவே இருக்கும். அவர் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.